குற்றப் படத்தில் யாருக்கு என்ன தெரியும்: திரைக்கதை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஒரு குற்றப் படத்துக்கான கதை விவாதம் தொடங்கினால், கதை பிடிபடுவதற்கு முன்பே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மாற்றலாகி வந்த நேர்மையான இன்ஸ்பெக்டர், அவருடன் சுற்றும் வயதான ஏட்டு, வழக்கை மூடச் சொல்லும் மேலதிகாரி, வெள்ளை வேட்டி அரசியல்வாதி, அவருக்காகக் கத்தி எடுக்கும் வடசென்னை ரவுடி, அழுதுகொண்டே பதில் சொல்லும் மனைவி என்று அந்த வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். வழக்கமான பாத்திரங்கள் என்பதற்காக இவர்களைத் துரத்திவிட வேண்டியதில்லை. இரண்டரை மணி நேரத்துக்குள் பத்துப் பதினைந்து பேரை அறிமுகப்படுத்தியாக வேண்டிய படத்தில், பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற ஆட்கள் பெரிய உதவி. அவர்களுக்கு உடையும் வசன நடையும் கொடுத்துவிட்டு வேலை கொடுக்க மறந்துவிடுவதில்தான் கோளாறு இருக்கிறது.

குற்றப் படத்தில் பாத்திரத்தின் வேலை என்பது, நடந்த குற்றத்தைப் பற்றிய ஏதோ ஒரு செய்தியைச் சுமப்பது, மறைப்பது, திரிப்பது அல்லது தெரியாமலே கையில் வைத்திருப்பது. கதைக்கட்டு என்பது அந்தச் செய்திகள் எந்த வரிசையில் யார் கைக்கு மாறுகின்றன என்பது. பாத்திரத்தையும் கதைக்கட்டையும் தனித்தனிப் பாடங்களாகப் படித்துவிட்டு எழுத உட்காருபவர்கள் தடுமாறுவதற்குக் காரணம், இவை இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள் என்பதைக் கவனிக்காததுதான். ஆகவே ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்கு எதிரிலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிவைக்க வேண்டும்: இவருக்கு என்ன தெரியும்? அதை ஏன் மறைக்கிறார்? எந்தக் காட்சியில் அது இவர் கையைவிட்டுப் போகிறது? மூன்றுக்கும் பதில் இல்லாத பாத்திரம் எவ்வளவு சுவையான வசனம் பேசினாலும் படத்தில் இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கும்.

குற்றத்தை முதலில் எழுதுங்கள்

விசாரணையை எழுதத் தொடங்கும் முன், குற்றம் எப்படி நடந்தது என்பதைப் போலீஸ்காரர் யாரும் இல்லாமல், நடந்த கால வரிசைப்படி இரண்டு மூன்று பக்கங்களில் எழுதிவிடுங்கள். படத்தில் இந்தப் பக்கங்கள் நேராக வரவே போவதில்லை என்றாலும், எழுதாமல் விட்டால் இரண்டாம் பாதியில் ஒவ்வொரு முடிச்சும் பொய்யாக அவிழும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே மேலே போகலாம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் ஃபேக்டரியில், ஜூன் மாதம் ஒரு விடியற்காலையில், அங்கே வேலை பார்க்கும் கணக்குப்பிள்ளை, ஐஸை உறையவைக்கும் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் இறந்துகிடக்கிறார். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. தடைக்காலம் முடிகிற அந்த இரவில் துறைமுகம் முழுவதும் விழித்திருக்கும். டீசலும் ஐஸும் வலையும் ஏற்றுகிற பரபரப்பில் ஒருவர் காணாமற்போனால் யாரும் உடனே கவனிக்கமாட்டார்கள். கொலைக்கான காரணம் கணக்கு நோட்டில் இருக்கிறது. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை, விசைப்படகுகளின் பெயரில் நாள் தவறாமல் ஐஸ் விற்றதாக வரவு எழுதப்பட்டிருக்கிறது. கடலுக்கே போகாத படகுக்கு ஐஸ் எதற்கு? வேறெங்கிருந்தோ வந்த பணத்தை வியாபார வரவாகக் காட்ட முதலாளி செய்த ஏற்பாடு அது. எழுதிய கணக்குப்பிள்ளை ஒருநாள் பங்கு கேட்டார், கொலைசெய்யப்பட்டார்.

இப்படியொரு தடயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது பூட்டிய பெட்டிக்குள் இல்லை, எல்லோர் கண்ணிலும் படுகிற மேஜைமீது கிடக்கிறது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்தான் படிக்க முடியும். நல்ல தடயம் என்பது இப்படி ஆளுக்கு ஆள் வேறு பொருள் தருவதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பாத்திரங்களுக்குத் தாமாகவே வேலை வந்து சேர்கிறது.

ஏட்டும் இன்ஸ்பெக்டரும்

துப்பறிபவருக்குப் பக்கத்தில் ஒரு துணை இருப்பது உலகெங்கும் உள்ள மரபு. பார்வையாளர் கேட்க நினைக்கும் கேள்விகளை அவர் கேட்பார். துப்பறிபவர் தம் மனத்தில் ஓடுவதை அவரிடம் சொல்வார். தமிழ்ப் படங்களில் இந்த இடம் பெரும்பாலும் ஏட்டுக்குப் போயிருக்கிறது. அவரும் பெரும்பாலும் நகைச்சுவைக்கோ, இடைவேளைக்கு முன்னால் செத்து இன்ஸ்பெக்டருக்குக் கோபமூட்டுவதற்கோ பயன்பட்டிருக்கிறார். இது வீண். நிலையத்தில் நீண்டகாலம் அதே வட்டாரத்தில் இருப்பவர்கள் ஏட்டும் காவலர்களும்தான். யார் வீட்டு மாப்பிள்ளை யாரிடம் கடன் வாங்கினார் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்குப் பதவி இருக்கிறது, ஊர் தெரியாது. ஏட்டுக்கு ஊர் தெரியும், பேச அதிகாரம் இல்லை.

நம் கதையில், சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் அந்தக் கணக்கு நோட்டை இரண்டுமுறை புரட்டிப் பார்த்து, கூட்டல் கழித்தல் சரியாக இருக்கிறதென்று மூடிவைக்கிறார். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த ஏட்டு அந்த நேரத்தில் வாசலில் நிற்கிறார். நோட்டை அவரிடம் ஒருமுறை காட்டியிருந்தால் ஒரே நொடியில் முடிந்திருக்கும். ஆனால் கணக்கு நோட்டைப் பற்றி ஏட்டிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "ஐயா, நான் ஒண்ணு பாக்கலாங்களா?" என்று அவர் கேட்கத் துணிகிற காட்சி எங்கே வருகிறதோ அங்கேதான் படம் திரும்புகிறது. இன்ஸ்பெக்டருக்கு அறிவு குறைவு என்று காட்டத் தேவையில்லை. காவல் நிலையத்துக்குள் யார் யாரிடம் பேசலாம் என்ற வரிசைமுறையே உண்மையைத் தாமதப்படுத்திவிடுகிறது. தற்செயலாகக் கிடைக்கும் கைப்பேசிப் பதிவையோ, திடீரென்று வந்து நிற்கும் சாட்சியையோ நம்பியிருக்கும் கதையைவிட இது எவ்வளவோ உறுதியானது.

இதே காரணத்தால் நிலையத்தின் ரைட்டரையும் மறந்துவிடாதீர்கள். புகாரை எழுத்தில் கொண்டுவருகிறவர் அவர். சொன்னவர் சொன்னதற்கும் எழுதப்பட்டதற்கும் இடையே விழும் ஓர் இடைவெளி, நீதிமன்றக் காட்சிவரை போய் வெடிக்கக்கூடியது.

தவறாகச் சந்தேகிக்கப்படுபவர்

குற்றம் செய்யாத ஒருவரைப் பார்வையாளர் சந்தேகிக்க வேண்டும் என்பதற்காக அவரை இருட்டில் நிறுத்தி, பின்னணி இசையைக் கூட்டி, திருட்டு முழி முழிக்கவைப்பது மலிவான வழி. பிறகு அவர் குற்றவாளி இல்லை என்று தெரியும்போது, படம் தம்மை ஏமாற்றிவிட்டது என்ற எரிச்சல்தான் மிஞ்சும். நேர்மையான வழி வேறு: அவரிடம் மறைப்பதற்கு உண்மையாகவே ஒன்று இருக்க வேண்டும். எல்லோரும் பொய் சொல்லட்டும். ஒருவர் மட்டுமே கொலையை மறைப்பதற்காகப் பொய் சொல்லட்டும்.

நம் கதையில் ஒரு சரித்திரப் பதிவேடு ரவுடி, அதாவது தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவர் என்று காவல் நிலையப் பதிவேட்டில் பெயர் ஏறியவர், இருக்கிறார். அன்றிரவு எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு அவர் மூன்று பதில்கள் சொல்கிறார், மூன்றும் பொய். மீன்பிடிப் படகுகளுக்கு அரசு தருகிற வரிவிலக்கு டீசலை லாரிகளுக்குத் திருப்பி விற்கும் வேலையில் அன்றிரவு அவர் இருந்தார். அதைச் சொன்னால், தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு இயற்றப்பட்டுக் குண்டர் சட்டம் என்று எல்லோரும் அழைக்கும் சட்டத்தின்கீழ் விசாரணை இல்லாமலே ஓராண்டுவரை உள்ளே போகவேண்டி வரலாம் என்று அஞ்சுகிறார். இந்த அச்சம் பார்வையாளருக்குப் பின்னால் தெரியவரும்போது, அவர் முன்பு சொன்ன ஒவ்வொரு பொய்யும் மறுபடி பொருள்படும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கறுத்த நிறம், லுங்கி, வடசென்னைப் பேச்சு ஆகிய மூன்றையும் சேர்த்துவிட்டால் குற்றவாளி தயார் என்கிற பழக்கம் நம் படங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் வாழும் மக்களுக்கு அது செய்யும் அநீதி ஒருபுறமிருக்க, குற்றக் கதைக்கே அது கேடு. யார் குற்றவாளி என்பதை உடையே சொல்லிவிட்டால் பார்வையாளருக்குக் கண்டுபிடிக்க என்ன மிச்சமிருக்கிறது? அந்தப் பகுதியின் நிலையையும் தொழிலையும் தெரிந்தவர்களைச் செய்தி வைத்திருப்பவர்களாக எழுதுங்கள். கத்தி வைத்திருப்பவர்களாக மட்டும் எழுதிப் பழகிய கை மெல்ல மாறும்.

இறந்தவரும் அவர் மனைவியும்

வழக்கமான பாத்திரங்களில் மிகவும் புறக்கணிக்கப்படுபவர் இறந்தவர். முதல் காட்சியில் ஒரு வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்துவிட்டு, பிறகு சுவரில் மாலையிட்ட படமாகிவிடுகிறார். ஆனால் கதையின் எல்லாச் செய்திகளும் ஒருகாலத்தில் அவரிடமிருந்தவை. தமிழில் இதை முழுதாக உணர்ந்து எடுக்கப்பட்ட படம் 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் படத்தின் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசிய நாட்களில் கதை நடக்கிறது. விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் தம் பங்குக்குச் சொல்லச் சொல்ல, இறந்தவர் யார் என்பதே மாறிக்கொண்டு வருகிறது. பாடல் ஒன்றுகூட இல்லாத படம் அது. கொன்றவர் யார் என்ற கேள்வியோடு, இறந்தவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியும் கூடவே நடந்தால், விசாரணைக் காட்சிகள் வெறும் கேள்வி பதிலாகத் தேங்கி நிற்பதில்லை என்பதை அதிலிருந்து கற்கலாம்.

நம் கணக்குப்பிள்ளை நல்லவராக மட்டும் இருந்துவிடக் கூடாது. அவர் அந்தப் பொய்க் கணக்கைத் தெரிந்தே எழுதினார், பணமும் வாங்கினார். அந்தப் பணத்தில்தான் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. மனைவிக்கு இது தெரியும். ஏப்ரலிலிருந்து கணவர் வீட்டில் இரவில் இரண்டாவது நோட்டு ஒன்று எழுதிவந்ததும் தெரியும். சொன்னால் மகளின் படிப்பும் கணவரின் பெயரும் போய்விடும் என்பதால் அவர் வாய் திறக்கவில்லை. இப்போது அவருடைய அழுகைக்குள் ஒரு முடிவு இருக்கிறது. இன்ஸ்பெக்டர் எத்தனை முறை வந்தாலும் அவர் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானித்துக்கொண்டிருக்கிறார். நம் குற்றப் படங்களில் பெண்கள் அழுவதற்கும் ஆபத்தில் சிக்குவதற்கும் மட்டுமே நிற்பதை மாற்ற, அவர்களுக்குச் சண்டைக் காட்சி கொடுப்பதைவிட, வேறு யாரிடமும் இல்லாத ஒரு செய்தியைக் கொடுப்பது நல்ல வழி.

வழக்கை மூடச் சொல்லும் மேலதிகாரிக்கு ஒரு வரி போதும்: அவர் சொல்வதில் நியாயமும் இருக்கட்டும். ஆதாரம் இல்லாத வழக்கில் ஆட்களை முடக்கிவைக்க முடியாது என்று அவர் சொன்னால், பார்வையாளரும் தலையாட்ட வேண்டும். இன்ஃபார்மருக்கும் அதிகம் தேவையில்லை. அவர் தருகிற செய்தி பாதி சரியாகவும் பாதி அவருடைய பழைய பகைக்குப் பயன்படுவதாகவும் இருந்தால் போதும்.

பார்வையாளரை எங்கே உட்காரவைப்பது

பாத்திரங்களிடம் செய்திகளைப் பங்கிட்ட பிறகு, பார்வையாளருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டும். துப்பறிபவரைவிடக் குறைவாக, அவருக்குச் சமமாக, அவரைவிட அதிகமாக என்று மூன்று இடங்கள் உண்டு. ஒரே காட்சி இந்த மூன்றிலும் எப்படி மாறுகிறதென்று பார்த்தால் கதைக்கட்டின் வலிமை புரியும்.

இன்ஸ்பெக்டர் கணக்கு நோட்டைப் புரட்ட, ஏட்டு வாசலில் நிற்கும் அந்தக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் பிணத்தில் தொடங்கியிருந்தால், பார்வையாளருக்கு அது ஒரு சாதாரண சோதனைக் காட்சி. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஏட்டு நோட்டைத் திறக்கும்போதுதான் 'அன்றைக்கே கண்முன்னால் இருந்ததே' என்று நினைவு பின்னோக்கி ஓடும். மாறாக, முதலாளி ஏப்ரல் மாதத்தில் அந்தப் பொய் வரவை எழுதச் சொல்லும் காட்சியில் படம் தொடங்கி, கொலையையும் நாம் பார்த்துவிட்டிருந்தால், அதே காட்சியில் பார்வையாளர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்; வாசலில் நிற்கும் அந்த மனிதரைக் கூப்பிடுங்கள் என்று மனத்துக்குள் கத்துவார். ஒரு வசனம்கூட மாறவில்லை. மூன்றாவதான சம இடத்தில், நோட்டை இன்ஸ்பெக்டர் பார்க்கிற அளவுக்கே நாமும் பார்த்து, அவரோடு சேர்ந்து தவறவிடுவோம்.

என் விருப்பம், இந்தக் கதைக்குப் பார்வையாளருக்கு அதிகம் தெரிகிற வழி. யார் கொன்றார் என்ற கேள்வி ஒருமுறை பதில் கிடைத்ததும் தீர்ந்துவிடுகிறது. ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற கேள்வி ஒவ்வொரு காட்சியிலும் உயிரோடு இருக்கிறது. ஆனாலும் இறந்தவர் எப்படிப்பட்டவர் என்பதையும் மனைவி வைத்திருக்கும் இரண்டாவது நோட்டையும் பார்வையாளரிடமிருந்து மறைத்தே வைக்கலாம். எல்லாவற்றையும் காட்ட வேண்டும் அல்லது எல்லாவற்றையும் மறைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எது காட்டப்பட்டது, எது மறைக்கப்பட்டது என்பதில் எழுதுபவருக்குத் தெளிவு இருந்தால் போதும்.

ஃப்ளாஷ்பேக்கைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: அதைச் சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பது தெரிய வேண்டும். கேட்பவர் இல்லாத ஃப்ளாஷ்பேக்கில் பொய் சொல்ல முடியாது. பொய் சொல்ல முடியாத ஃப்ளாஷ்பேக் குற்றப் படத்துக்குப் பெரிதாக உதவாது.

இடைவேளையும் சட்டமும்

தமிழ்ப் படத்துக்கு இடைவேளை ஒரு கட்டாயம் என்பதால் அதைத் திருப்பத்துக்கென்று ஒதுக்கிவைக்கிறோம். அதிர்ச்சி தருவது மட்டும் போதாது. இடைவேளைக்குப் பிறகு பார்வையாளர் வேறொரு கேள்வியோடு உள்ளே வர வேண்டும். இதற்குச் சட்ட நடைமுறையே நல்ல எலும்புக்கூட்டைத் தருகிறது. தொட்டியில் கிடந்த உடலைப் பார்த்து, தவறி விழுந்திருக்கலாம் என்ற நிலையில், வழக்கு முதலில் சந்தேக மரணமாகவே பதிவாகும்; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு அதற்கானது. ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தபிறகு அது கொலை வழக்காகப் பிரிவு மாற்றம் செய்யப்படுகிறது. கடுங்குளிரில் கிடந்த உடலில் விறைப்பும் அழுகலும் தாமதமாவதால், இறந்த நேரத்தை மருத்துவர் துல்லியமாகச் சொல்ல முடியாமற்போவதும் கதைக்குச் சாதகம். 'இது கொலையா?' என்று முதல் பாதி கேட்கட்டும். 'இதை எப்படி நிரூபிப்பது?' என்று இரண்டாம் பாதி கேட்கட்டும்.

பிரிவு எண்களில் கவனம் தேவை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதற்குப் பிறகு நடக்கும் கொலைக்கு 103ஆம் பிரிவுதான்; அதற்கு முன் நடந்த கொலைக்குப் பழைய 302. இன்றைய கதையில் இன்னும் 302 என்று வசனம் எழுதுவது, நீதிமன்றம் போய்வந்தவர்களை முதல் வரியிலேயே படத்திலிருந்து வெளியே தள்ளிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நம் படங்களில் குற்றவாளி விசாரணை அறையில் உடைந்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதோடு கதை முடிந்துவிடுகிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் நீதிமன்றம் ஏற்கும். ஆக, முதலாளி அலறி ஒப்புக்கொள்ளும் காட்சியைவிட, அவர் வாயிலிருந்து வந்த ஒரு சிறு தகவலைக் கொண்டு கணக்குப்பிள்ளையின் கைப்பேசியை எங்கிருந்தோ எடுக்கும் காட்சிக்குத்தான் சட்டத்தில் எடை அதிகம். கைதுசெய்தவரைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு விதிக்கிறது; உச்சக்கட்டத்துக்கு இதைவிட நம்பகமான கடிகாரம் வேறு தேவையில்லை. நீதிமன்றத்துக்கு வந்தபிறகு முன்பு சொன்னதை மாற்றிப் பேசி, பிறழ் சாட்சி ஆகிறவர் யார் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள். அவர் ஏன் பிறழ்கிறார் என்பதற்கான விதை முதல் பாதியிலேயே விழுந்திருக்க வேண்டும்.

தாதா கதையும் கொள்ளைக் கதையும்

விசாரணை இல்லாத குற்றப் படங்களுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தாதா எழுந்து வீழும் கதைக்கட்டு 1930களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டில் வேரூன்றியது. 1934 முதல் அங்கே கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தணிக்கை நெறி, குற்றம் வெற்றிபெற்றதாகக் காட்டக் கூடாது என்றது. அந்த நெறி போய் நெடுநாளாகியும் வீழ்ச்சி மட்டும் நம்மிடையே நின்றுவிட்டது. இந்த வகையில் கூட்டாளி, வலது கை, வாரிசு ஆகிய பாத்திரங்கள் சுமப்பது துரோகம் பற்றிய செய்தியை. காட்டிக்கொடுத்தவர் யார் என்பது தாதாவுக்கு முன்பே பார்வையாளருக்குத் தெரிந்தால் அவர்கள் சேர்ந்து சாப்பிடும் காட்சிகூடக் கனக்கும்.

கொள்ளைக் கதையில் பூட்டுத் திறப்பவர், ஓட்டுநர், உள்ளே வேலைபார்க்கும் ஆள் என்று தொழில்வாரியாகப் பாத்திரங்கள் பிரிகின்றன. அங்கே திட்டத்தை முன்கூட்டியே விளக்கினால் அது பிசக வேண்டும், வெற்றிபெறுவதானால் விளக்கக் கூடாது. இரண்டு முறை கேட்டதை அப்படியே மூன்றாம் முறை பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

எழுதி முடித்தபின் செய்யும் சோதனை

ஸ்கிரிப்ட் ஒரு வடிவத்துக்கு வந்ததும், முதலில் எழுதிய குற்றக் கதையின் இரண்டு மூன்று பக்கங்களை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு செய்திக்கும் எதிரில் அது எந்தக் காட்சியில், யார் வாயால் அல்லது எந்தப் பொருளால் வெளிப்படுகிறது என்று குறியுங்கள். குறிப்பு விழாத செய்தி ஒன்று இருந்தால் அது ஓட்டை. ஒரே செய்தி மூன்று காட்சிகளில் வெளிப்பட்டால் அவற்றில் இரண்டை வெட்டலாம். எந்தச் செய்தியும் கைமாறாத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை ஏன் வைத்திருக்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, குற்றவாளியின் பக்கமிருந்து மட்டும் ஸ்கிரிப்ட் முழுவதையும் படியுங்கள். நம் முதலாளி ஒவ்வொரு கட்டத்திலும் தமக்குத் தெரிந்ததை வைத்துப் புத்திசாலித்தனமாகத்தான் நடக்கிறாரா, கதைக்கு வசதியாக எங்காவது முட்டாளாகிறாரா என்று பாருங்கள்; நோட்டை அவர் எரிக்காமல் ஏன் விட்டார் என்பதற்குக் காரணம் வேண்டும். கணக்கு நோட்டு காணாமற்போனால் வருமான வரிக்காரர்கள் முன்னால் அந்தப் பணத்துக்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும் என்பது நல்ல காரணம். அவரைக் காப்பாற்றவேண்டிய நோட்டே அவரைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, கதையை யாருக்காவது இடைவேளைவரை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டு, கொலைகாரர் யார் என்று கேட்காமல், ஏட்டுக்கு என்ன தெரியும், மனைவி எதை மறைக்கிறார், ரவுடி எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அவர் தயங்குகிற இடத்தில் எந்தப் பாத்திரத்தின் பெயர் இருக்கிறதோ, அந்தப் பாத்திரத்தின் முதல் காட்சியிலிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.